பல்வலிக்கார அணிலும் வெள்ளரி விதையும்

குளக்கரைப் புங்கமரத்துப் பொந்தில் துறுவாண்டி என்ற அணிலும் அவன் மனைவி வடிவும் குடியிருந்தார்கள். வடிவுக்கு மசக்கை. மசக்கை வந்தவர்கள் புளி கேட்பார்கள், மாங்காய் கேட்பார்கள். வடிவுக்கோ வெள்ளரிப்பிஞ்சின் மேல் ஆசை வந்துவிட்டது.

"ஒரே ஒரு பிஞ்சுங்க! நறுக்குன்னு ஒரு கடி கடிச்சாப் போதும்!" என்றாள்.

"அவ்வளவுதானே! கொண்டுவந்துட்டாப் போச்சு!" என்று மார்தட்டினான் துறுவாண்டி. சொல்லி முடித்த பிறகுதான் அங்கே போகிற வழி அவனுக்கு நினைவுக்கு வந்தது.

வெள்ளரி விளைவது காட்டுக்கு வெளியே, வயலில். அங்கே போக ஒரு பொட்டல்வெளியைத் தாண்ட வேண்டும். ஓடி ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது. மேலே வல்லூறு வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். போன வருஷம் அந்த வழியாகப் போய்த்தான் துறுவாண்டி வால் நுனியைப் பறிகொடுத்தான். உயிரோடு திரும்பியதே பெரிய விஷயம்.

ஆனால் அவன் நேரம் நன்றாக இருந்தது. மறுநாள் காட்டுப்பாதையோரம் யாரோ ஒரு வழிப்போக்கர் வெள்ளரிப்பழம் தின்றுவிட்டு, விதைகளை அங்கேயே துப்பிவிட்டுப் போயிருந்தார். வெயிலில் காய்ந்து வெள்ளை வெளேரென்று கிடந்தன. துறுவாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"வடிவு! இனிமே பொட்டலும் வேண்டாம், வல்லூறும் வேண்டாம்! நம்ம மரத்தடியிலேயே தோட்டம் போடப் போறேன்!"

"நிஜமாவா? என் ராசா!" என்று வடிவு அவன் முதுகு வரிகளைத் தடவிக்கொடுத்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போது மாசி மாதம். பனி விலகி, வெயில் இதமாக முதுகில் ஏறுகிற நேரம். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிக்கொண்டே தளிர் விடத் தொடங்கியிருந்தது. விதை போட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? துறுவாண்டி மரத்தடியில் புல்லைப் பிடுங்கினான். மண்ணைக் கீறினான். அணில் நகத்தால் எவ்வளவுதான் கீற முடியும்? கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது.

பக்கத்து வளையிலிருந்து பேச்சி என்ற முயல் எட்டிப் பார்த்தாள். பேருக்கு ஏற்ற வாய்தான் அவளுக்கு. மனசு அதைவிடப் பெரிசு.

"என்ன தம்பி, தோட்டமா? வடிவுக்காகவா? முதல்லேயே சொல்லக் கூடாதா!" என்று ஓடிவந்து, பரபரவென்று மண்ணைக் கிளறிப் போட்டாள். "எங்க வீட்டுப் புழுக்கை எருவையும் கொண்டுவந்து போடுறேன். கொடி சும்மா குபுகுபுன்னு வரும் பாரு!"

குளத்திலிருந்து ஆமை அண்ணாச்சியும் ஏறி வந்தார். மண்கட்டிகளின் மேல் இப்படி ஒரு நடை, அப்படி ஒரு நடை நடந்தார். அத்தனை கட்டியும் அவர் ஓட்டுக்கடியில் நொறுங்கிப் பொடியாகிவிட்டது.

பாத்தி தயார். பொந்தில் சேர்த்துவைத்திருந்த விதையை எடுத்துவரத் துறுவாண்டி மரத்தில் ஏறினான். ஒன்றுவிடாமல் எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு இறங்கினான்.

அப்போதுதான் பேச்சி கேட்டாள்: "தம்பி, விதை மிஞ்சினா எனக்கு ரெண்டு கொடேன். என் வாசல்லேயும் போட்டுவைக்கிறேன்!"

"எனக்கும் ரெண்டு..." என்று இழுத்தார் ஆமை.

துறுவாண்டிக்குச் சுருக்கென்றது. 'இவளுக்கு ரெண்டு, அவருக்கு ரெண்டு, நாளைக்கு மைனாவுக்கு ரெண்டு! அப்புறம் வடிவுக்கு என்ன மிஞ்சும்?' என்று நினைத்தான். உண்மையில் வாயில் இருந்தது ஒரு வயலுக்கே போதும். ஆனால் பயம் எண்ணிக்கை பார்க்குமா?

"விதையா? ஒண்ணுகூத இல்லையே மதினி!" என்றான். வாய் நிறைய விதை இருந்ததால் பேச்சு குழறியது.

"ஏன் தம்பி வாய் இப்படி வீங்கியிருக்கு?"

"ப... பல்வலி!"

"ஐயய்யோ! முதல்லேயே சொல்லக் கூடாதா!" என்று பேச்சி பதறிப்போனாள். ஒரே ஓட்டமாக ஓடி, எட்டிய கிளையிலிருந்து வேப்பங்கொழுந்து பறித்துவந்தாள். "நல்லா மென்னு முழுங்கு! நீ முழுங்குற வரைக்கும் நான் நகரமாட்டேன்!"

என்ன செய்வான்? விதையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வேப்பங்கொழுந்தை இன்னொரு கன்னத்தில் மென்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாவம், எவ்வளவு வலி பாரேன்!" என்று ஆமையிடம் சொன்னாள் பேச்சி.

இரண்டு பேரும் போன பிறகு துறுவாண்டிக்குப் புதுச் சிக்கல் முளைத்தது. விதை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இப்போது பாத்தியில் போட்டால் நாலு நாளில் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமே! பொந்தில் வைக்கலாமென்றால் வடிவு இருக்கிறாள். பேச்சி வந்து கேட்டால் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

யோசித்தான். அணில் யோசனை அணில் வழியில்தானே போகும்? ஒளித்துவை என்றது.

'எங்கே ஒளிப்பது? திருட வருகிறவர்கள் என் மரத்தடியைத் தோண்டுவார்கள். காடெல்லாம் தோண்டுவார்கள். தங்கள் வாசலைத் தோண்டிப் பார்ப்பார்களா? மாட்டார்கள்!' தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான் துறுவாண்டி.

உச்சிவெயிலில் எல்லாரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பேச்சியின் வளை வாசலில் கொஞ்சம் புதைத்தான். ஆமை ஏறி இறங்குகிற கரையில் கொஞ்சம் புதைத்தான். புற்றடியில், வேரிடுக்கில், பாறைச் சந்தில் மிச்சத்தைப் புதைத்தான். மேலே சருகைத் தள்ளித் தடம் தெரியாமல் மூடினான். பேச்சு அடங்கியதும் எல்லாவற்றையும் எடுத்துவந்து பாத்தியில் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

"விதை போட்டாச்சா?" என்று கேட்டாள் வடிவு.

"மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு!" என்றான். அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கம்பீரமாகச் சொல்ல முடிந்தது.

வடிவு தினமும் பொந்திலிருந்து தலையை நீட்டிப் பாத்தியைப் பார்ப்பாள். வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. பாத்தியில் ஒரு பச்சையும் தெரியவில்லை. "இன்னும் முளைக்கலையேங்க!" என்பாள். குறை சொல்கிற குரல் இல்லை, காத்திருக்கிற குரல். அதைக் கேட்கக் கேட்கத் துறுவாண்டிக்கு என்னவோ செய்தது. போதும் ஒளித்தது, எடுத்துவந்து விடலாம் என்று கிளம்பினான்.

கிளம்பினவன் நடுக்காட்டில் திகைத்து நின்றான். எங்கே புதைத்தோம்?

புங்கமரம் இலையைக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே சருகு. அந்தப் புற்றா, இந்தப் புற்றா? அந்த வேரா, இந்த வேரா? அணில்களுக்கு ஒளித்துவைக்கத் தெரியும். ஒளித்த இடத்தை நினைவில் வைப்பதுதான் வராது. பேச்சி வாசலில் புதைத்ததுகூட அவன் நினைவிலிருந்து நழுவிப்போயிருந்தது. துறுவாண்டி அங்கே கிளறினான், இங்கே கிளறினான். ஒரு விதைகூட அகப்படவில்லை.

"என்ன தம்பி தேடுறே?" என்று பேச்சி வந்து நின்றாள்.

துறுவாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ப... பல்லு! வலிச்ச பல்லு விழுந்துடுச்சு மதினி!"

அவ்வளவுதான்! பேச்சி ஆமையைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தரையோடு தரையாகக் குனிந்து, இல்லாத பல்லைப் பொழுது சாயும்வரை தேடினார்கள்.

"கிடைக்கலை தம்பி... மனசு விட்டுடாதே..." என்றார் ஆமை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் துறுவாண்டி மரத்தில் ஏறிவிட்டான்.

பங்குனி பிறந்தது. வடிவுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. சிவப்பாக, மூடிய கண்ணோடு, முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. துறுவாண்டி மகிழ்ச்சியில் மரத்தை ஏழெட்டுத் தடவை சுற்றிவந்தான்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போனது. குளம் சுருங்கி நடுவில் சேறும் கொஞ்சம் தண்ணீருமாக நின்றது. கண் திறக்காத குட்டிகளை விட்டுவிட்டு வடிவால் எங்கேயும் நகர முடியவில்லை. உலர்ந்த கொட்டைகளைத் தின்று தின்று அவளுக்கு நாக்கு ஒட்டிப்போனது. பால் வற்றத் தொடங்கியது. குட்டிகள் அழுதன.

அந்த அழுகையைத் துறுவாண்டியால் தாங்க முடியவில்லை. வடிவிடம் சொல்லாமல் பொட்டலுக்குக் கிளம்பிவிட்டான்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. தரையில் ஒரு நிழல் விழுந்தது. காற்று விர்ரென்று சீறியது. துறுவாண்டி ஒரு பக்கமாகப் பாய்ந்தான். வல்லூறின் நகம் முதுகை உரசிக்கொண்டு போனது. அப்படியே திரும்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். பொந்தில் வந்து விழுந்தபோது முதுகில் ரத்தம். கையில் ஒன்றுமில்லை.

வடிவு பதறி அவன் காயத்தை நக்கிவிட்டாள். "வெள்ளரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! நீங்க இருந்தாப் போதும் எனக்கு!" என்று அழுதாள். துறுவாண்டியும் அழுதான்.

அப்போது மரத்தடியில் ஒரு குரல் கேட்டது.

"தம்பி! வடிவு! கீழே எட்டிப் பாருங்க!"

பேச்சி நின்றிருந்தாள். அவள் காலடியில் பச்சைப் பசேலென்று இரண்டு வெள்ளரிப்பிஞ்சு. பின்னால் ஆமை மெல்ல வந்துகொண்டிருந்தார். அவர் ஓட்டின் மேல் இன்னும் மூன்று!

"என் வாசல்ல தானா முளைச்சது தம்பி!" என்றாள் பேச்சி. "ரெண்டு இலை விட்டப்பவே எனக்கு வாய் ஊறுச்சு. ஆனா வாசல் தேடி வந்ததைத் தின்னலாமா? யார் கண்ணுக்கும் படாம முள்ளு கொண்டாந்து வேலி கட்டிக் காப்பாத்தினேன். அண்ணாச்சி வாசல்லேயும் இதே கொடிதான்! குளத்துலேருந்து ஏறும்போதெல்லாம் அவர் மேல வடியுற தண்ணியே அதுக்குப் போதுமாயிருந்துச்சு. முதல் காய் பிள்ளை பெத்தவளுக்குத்தான்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சோம். விதை போட்ட புண்ணியவான் யாரோ தெரியலை. அவன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்!"

துறுவாண்டிக்கு 'அது என் விதை!' என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. அதற்குள் வடிவு இறங்கி ஒரு பிஞ்சை எடுத்துக்கொண்டு பொந்துக்கு ஏறி, ஒரு கடி கடித்தாள். நறுக்!

அந்தச் சத்தத்தில் அவன் நாக்கு அடங்கிவிட்டது.

"உனக்கும் ஒண்ணு எடுத்துக்கோ. பல்லு போன பக்கமா கடிக்காதே, வலிக்கும்!" என்றாள் பேச்சி.

அதற்கு மேல் துறுவாண்டியால் முடியவில்லை. மரத்திலிருந்து இறங்கி, அவள் முன்னால் போய் நின்றான்.

"மதினி! எனக்குப் பல்வலியே இல்லை! வாய் நிறைய அன்னிக்கு விதைதான் இருந்துச்சு! உங்களுக்குக் கொடுக்க மனசு வராம, உங்க வாசல்லேயே ஒளிச்சு வச்சு மறந்துபோனேன்!"

பேச்சியின் நீண்ட காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

"அப்போ..." என்றார் ஆமை, "நாம தேடின அந்தப் பல்லு?"

"அதுவும் இல்லை அண்ணாச்சி!"

ஆமை யோசித்தார். "அதான் கிடைக்கலை," என்றார்.

பேச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அடப்பாவி! வாயில விதையை வச்சுக்கிட்டா அந்த வேப்பங்கொழுந்தை மென்னே? இதுக்கு மேல உன்னை நான் என்னன்னு தண்டிக்க!"

வடிவு மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஆளுக்கு ரெண்டு விதை கொடுத்துட்டு, மிச்சத்தை நம்ம பாத்தியில போட்டிருந்தா, இன்னிக்கு நீங்க அந்தப் பொட்டலுக்கே போயிருக்க வேண்டாமே!" என்றாள். துறுவாண்டி முதுகில் பட்ட நகத்தைவிட அது ஆழமாகப் பட்டது.

புற்றடியிலும் வேரிடுக்கிலும் புதைத்த விதைகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. மீதி முளைத்து, பார்ப்பார் இல்லாமல் கருகிப்போனது. பிழைத்தவை அந்த இரண்டு வாசலில் முளைத்தவை மட்டும்தான்.

கொடியிலேயே பழுத்த ஒரு வெள்ளரியிலிருந்து விதை எடுத்துக் காயவைத்தார்கள். அடுத்த மாசி வந்தது. துறுவாண்டி விதையை வாயில் அடைத்துக்கொள்ளாமல், ஓர் இலையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். மரத்தடிப் பாத்தியில் கொஞ்சம் போட்டான். பேச்சிக்குக் கொடுத்தான், ஆமைக்குக் கொடுத்தான், மைனாவுக்கும் கொடுத்தான். இலை காலியாகிவிட்டது.

"என்ன தம்பி, பத்திரமா எடுத்துவைக்க உனக்கு ஒண்ணுமே மிஞ்சலையே!" என்றாள் பேச்சி.

"இல்லை மதினி," என்றான் துறுவாண்டி. "உங்ககிட்ட இருந்தா எங்கே இருக்குன்னு எனக்கு மறக்காது!"

ஒளித்து வைத்த விதை ஒளித்தவனுக்கே உதவாது. அண்டை அயலுக்குக் கொடுத்த விதைதான் ஆபத்துக் காலத்தில் காயாக வீடு தேடி வரும்.