முறுக்கனின் சிவப்பு நகங்கள்

காட்டாற்றின் மேட்டுக்கரையில், தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து நின்ற மருத மரத்தில் ஓர் உடும்பு இருந்தது. அதன் பெயர் முறுக்கன். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கழுத்தை உப்பவைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காடே தன் தோளில்தான் நிற்கிறது என்பது போல நடக்கும்.

அந்த நடைக்கு ஒரு காரணம் இருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் எதிர்க்கரை முழுகிவிடும். அங்கே வாழும் சின்ன உயிர்கள் எல்லாம் மேட்டுக்கரைக்கு வந்தால்தான் பிழைக்கும். ஆற்றின் குறுக்கே பாறைகள் கிடந்தன. அவற்றின் மேல் தாவித் தாவி வந்துவிடலாம். ஆனால் கடைசிப் பாறைக்கும் மேட்டுக்கரைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. தண்ணீர் அங்கேதான் வெறிகொண்டு ஓடும்.

அந்த இடத்தில்தான் முறுக்கனுக்கு வேலை. மருத மரத்தை முன்னங்கால் நகங்களால் கவ்விக்கொண்டு, உடம்பை நீட்டி, வாலைக் கடைசிப் பாறைவரை தொங்கவிடும். அணிலும் எலியும் முயலும் வாலைப் பிடித்து, முதுகில் ஏறி, தலையை மிதித்துக்கொண்டு கரை சேரும். வால் பிடிப்பது மற்ற இடங்களில் கேவலம். இந்தக் காட்டில் அதுதான் உயிர் பிழைக்கும் வழி.

அதனால் எல்லோரும் முறுக்கனைப் "பிடியண்ணன்" என்று கூப்பிட்டார்கள். அத்திப்பழம் பழுத்தால் முதல் பழம் பிடியண்ணனுக்கு. நிழல் நல்லதாக இருந்தால் அந்த இடம் பிடியண்ணனுக்கு. பிடிப்பது என்னவோ வருஷத்தில் மழை கொட்டும் ஓரிரு நாள்தான். மற்ற நாளெல்லாம் பெயரை வைத்தே காலம் ஓடியது.

சும்மா கிடைத்த பழத்தைத் தின்று பழகியதும் முறுக்கன் இரை தேடுவதை விட்டுவிட்டது. முட்டை வேண்டுமென்றால் மண்ணைத் தோண்ட வேண்டும். நண்டு வேண்டுமென்றால் வளையைக் கிளற வேண்டும். நகத்தில் அழுக்கு ஒட்டுமே! பிடியண்ணனுடைய நகத்தில் அழுக்கா?

அந்தக் கோடையில் அது செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். நாலு காலையும் குளத்தில் ஊறப்போட்டுப் படுத்திருக்கும். பிறகு கொதிக்கிற பாறையில் ஏறிக் காயும். மறுபடி குளம். மறுபடி பாறை. நகங்கள் தேயாமல் நீண்டு சுருண்டன. அதையும் அழகு என்று நினைத்துக்கொண்டது அந்த மண்டு.

ஒருநாள் காலையில் காதோரம் அரித்தது. முன்னங்காலால் லேசாகச் சொறிந்தது. டக்!

நகத்தின் நுனி ஒடிந்து கீழே கிடந்தது. முறுக்கன் திடுக்கிட்டு மற்ற நகங்களைப் பார்த்தது. ஒன்று நெடுக்கில் வெடித்திருந்தது. இன்னொன்று வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. மரத்தையே கவ்வுகிற நகம், காதைச் சொறிந்ததற்கே ஒடிகிறதே!

மனைவி கோரை இதைப் பார்த்துவிட்டது. கோரைக்கு வாய் குறைவு. நகங்கள் குட்டையாக, மண் நிறத்தில், மழுங்கிப் போயிருக்கும். தன் இரையைத் தானே தோண்டித் தின்னும் உடும்பு அது.

"என்னங்க இது? எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெயிலுமில்ல, வெங்காயமுமில்ல. ஊறுறதும் காயுறதுமா இருந்தா எந்த நகம் தாங்கும்? முதல்ல குளத்தை விடுங்க. நீட்டிக்கிட்டு நிக்கிற நுனியைக் கடிச்சுப் பிய்க்காம, வழவழப்பான கல்லுல ஒரே பக்கமாத் தேய்ச்சுக் குட்டையாக்குங்க. புங்கங்கொட்டையை நசுக்கி அந்த எண்ணெயை நகத்தோட அடியில தடவுங்க. அத்திப்பழத்தையே தின்னுட்டுக் கிடக்காம முட்டை தின்னுங்க, நண்டு தின்னுங்க. புது நகம் வேர்ல இருந்துதான் வரணும். அது மெதுவாத்தான் வரும்."

"எப்போ வரும்?"

"இந்த மழைக்கு வராது. அடுத்த மழைக்கு வந்துடும்."

"அப்போ இந்த மழைக்கு?"

"எனக்கு நகம் நல்லாத்தானே இருக்கு. நான் நிக்கிறேன்."

முறுக்கனுக்குச் சுருக்கென்றது. நகம் ஒடிந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. தான் கரையில் உட்கார்ந்திருக்க, பெண்டாட்டி மரத்தைப் பிடித்துத் தொங்குவதா? அப்புறம் யார் அத்திப்பழம் கொண்டுவருவார்கள்? யார் பிடியண்ணன் என்பார்கள்?

"உன் கட்டை நகத்தைப் பார்த்து எவன் வாலைப் பிடிப்பான்? போ, போய் வேலையைப் பாரு. இதை வெளியில சொன்னே, நம்ம மானம் கப்பலேறிடும்!"

கோரை நண்டு தேடப் போனது.

அது போனதுதான் தாமதம், மேல்கிளையில் இலையோடு இலையாக உட்கார்ந்திருந்த ஒரு பச்சோந்தி மெல்ல இறங்கி வந்தது. ஒரு கண் முறுக்கனைப் பார்த்தது. மற்றக் கண் ஒடிந்த நகத்தைப் பார்த்தது.

"பிடியண்ணே! உங்களுக்குப் போயா இந்தப் பேச்சு? புங்க எண்ணெயாம்! அந்த நாத்தம் உங்க மேல வீசினா காடு சிரிக்காது?"

"நீ எல்லாத்தையும் கேட்டியா?"

"காது இருக்கே அண்ணே, என்ன பண்றது! கவலையை விடுங்க. வேங்கை மரத்தைக் கீறினா சிவப்பாப் பால் வடியும். அதை எடுத்து நகத்துல பூசினா வெடிப்பும் தெரியாது, உரிஞ்சதும் தெரியாது. சூரியன் பட்டுச்சுன்னா பவழம்தான்! எனக்குக் கூலி ஒண்ணும் வேண்டாம். உங்க முதுகுல உட்கார இடம் குடுத்தாப் போதும்."

வைத்தியம் கேட்டவனுக்கு வேஷம் கிடைத்தது. முறுக்கன் அதையே வைத்தியம் என்று எடுத்துக்கொண்டது.

முதலில் பழைய அழுக்கு போக வேண்டும் என்று பச்சோந்தி நாரத்தம்பழச் சாற்றைப் பிழிந்து ஊற்றியது. நகம் வெளுத்து வறண்டது. பிறகு சொரசொரப்பான கல்லை எடுத்து முன்னும் பின்னுமாக வறட்டு வறட்டென்று தேய்த்தது. நகம் இன்னும் மெலிந்தது. அதற்குமேல் வேங்கைப் பாலைக் கனமாகப் பூசியது. பூச்சு மங்கினால் மறுபடி சாறு, மறுபடி கல், மறுபடி பூச்சு. உள்ளே நகம் சருகாகிக்கொண்டிருந்தது. வெளியே பவழமாக ஜொலித்தது.

காட்டுக்கும் அறிவு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. "அடேயப்பா! பிடியண்ணன் நகத்துக்குப் பச்சோந்தி பூசின பூச்சைப் பார்த்தீங்களா?" என்று எலிகள் வாயைப் பிளந்தன. "இந்த வருஷம் பிடி இரும்புப் பிடிதான்!" என்றது அணில். எந்த மடையன் நகத்தின் நிறத்தைப் பார்த்துப் பிடியை அளப்பான்? இவர்கள் அளந்தார்கள். முறுக்கனும் அதைக் கேட்டுக் கேட்டு, உள்ளே இருக்கும் வெடிப்பைத் தானே மறக்கத் தொடங்கியது.

மழை வந்தது. மலையில் இடி இடித்தது. விடியும்போதே ஆறு செம்மண் நிறத்தில் பொங்கிப் பாய்ந்தது. எதிர்க்கரையில் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சின்ன உயிர்கள் எல்லாம் பாறைகளின் மேல் தாவித் தாவிக் கடைசிப் பாறையில் வந்து நெருக்கியடித்து நின்றன. கடைசியாக முயலம்மா வந்தது. முதுகில் கண் திறந்து கொஞ்ச நாளே ஆன இரண்டு குட்டிகள், அம்மாவின் ரோமத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்கின.

மேட்டுக்கரையில் கோரை முன்னால் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது.

"இன்னைக்கு நான் நிக்கிறேன்!"

பாறையில் ஒரே சிரிப்பு.

"அந்த மழுங்கின நகத்தை வச்சுக்கிட்டா? கோரையக்கா, இது நண்டு பிடிக்கிற வேலை இல்ல!" என்றது அணில்.

முறுக்கன் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிக் காட்டியது. மழையில் நனைந்த சிவப்பு நகங்கள் பளபளத்தன. கூட்டம் ஆரவாரித்தது. முதுகில் உட்கார்ந்திருந்த பச்சோந்தி எல்லோருக்கும் முன்னால் ஆரவாரித்தது.

கோரை அதற்குமேல் வாதாடவில்லை. கரையோரமாக, நீர் ஓடும் பக்கம் கொஞ்சம் கீழே இறங்கி, தண்ணீருக்குள் நீண்டிருந்த வேர் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

முறுக்கன் மரத்தைக் கவ்வி வாலைத் தொங்கவிட்டது. பச்சோந்தி மட்டும் நைசாகக் கிளைக்கு மாறிக்கொண்டது. அதற்குத் தெரியாதா, தான் பூசியது என்னவென்று!

அணில் வாலைப் பிடித்தது. அணிலுக்கு என்ன கனம் இருக்கப்போகிறது? ஆனாலும் முதுகில் அது ஏறும்போதே டக் என்றது. ஒரு நகம் போயிற்று.

"என்ன சத்தம் பிடியண்ணே?" என்று பாறையிலிருந்து முயலம்மா கேட்டது.

இப்போது சொல்லிவிடலாம். கோரை பக்கத்திலேயே இருக்கிறது. "என்னால் முடியவில்லை, இடம் மாறிக்கொள்கிறோம்" என்று சொன்னால் போதும். பாறை இன்னும் முழுகவில்லை. நேரம் இருக்கிறது. ஆனால் இந்தச் சிவப்பு நகங்களை இப்போதுதானே தூக்கிக் காட்டினோம்! இப்போதுதானே ஆரவாரித்தார்கள்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"சுள்ளி ஒடிஞ்சது! நீங்க வாங்க, வாங்க!"

எலிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. மழைநீர் நகங்களின் மேல் வழிந்தது. பூச்சு கரைந்து, மரப்பட்டையில் சிவப்பாக ஒழுகியது. டக். டக். பட்டையில் பதிந்த நகங்கள் பட்டையிலேயே நின்றுவிட, முறுக்கனின் விரல்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின. வலி உச்சிவரை ஏறியது. அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை. ரத்தம் சொட்டினாலும் கௌரவம் சொட்டிவிடக் கூடாதாம்!

"இன்னும் சுள்ளி ஒடியுதா அண்ணே?" என்றது முயலம்மா. அதன் குரலில் சந்தேகம் இருந்தது. ஆனால் அதற்குள் பாறையின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் குட்டிகளோடு வாலைப் பிடித்துத் தாவியது.

அவ்வளவுதான். மிச்சமிருந்த நகங்கள் ஒரே நேரத்தில் முறிந்தன. பிடியண்ணன் பிடி விட்டது. முறுக்கன், முயலம்மா, இரண்டு குட்டிகள், எல்லோரும் தொப்பென்று வெள்ளத்தில் விழுந்தார்கள்.

"முயலக்கா! என் காலைப் பிடி!"

கோரை வேரை விடாமல் பின்னங்காலை நீட்டியது. முயலம்மா எட்டிக் கவ்விக்கொண்டது. குட்டிகள் அம்மாவின் ரோமத்தை விடவில்லை. அவற்றின் பால்பல்லுக்கு இருந்த உறுதிகூட பிடியண்ணன் நகத்துக்கு இல்லை. வெள்ளம் அடித்த அடியில் கோரையின் உடம்பு கயிறு போல முறுகியது. அந்தக் கட்டை நகங்கள் வேரில் அப்படியே நின்றன. ஒன்றுகூட அசையவில்லை.

முறுக்கனும் பாறையைப் பிடித்துப் பார்த்தது. நகமில்லாத விரல் வழுக்கியது. வேரைப் பிடித்துப் பார்த்தது. அதுவும் வழுக்கியது. நீச்சல் தெரியும், ஆனால் அந்த இழுப்பில் நீச்சல் எதற்கு உதவும்? கடைசியில் கோரையின் வால் முகத்தில் வந்து அடித்தது. பல்லால் லபக்கென்று கடித்துக்கொண்டு தொங்கியது.

கிளையிலிருந்து பச்சோந்தி எட்டிப் பார்த்தது.

"டேய் பச்சோந்தி! நீ பூசின பூச்சு என்ன ஆச்சுடா?" என்று கரையிலிருந்து அணில் கத்தியது.

"பளபளக்கும்னுதானே சொன்னேன்? பிடிக்கும்னு சொன்னேனா?" என்று சொல்லிவிட்டு, பட்டையின் நிறத்துக்கு மாறி, இருந்த இடம் தெரியாமல் போனது.

முயலம்மா கோரையின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தது. குட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது. இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்தன. பிறகு அது திரும்பி வந்து, கரை விளிம்பில் நின்று, கீழே தொங்கிக்கொண்டிருந்த முறுக்கனைப் பார்த்தது. அழுகையும் ஆத்திரமுமாக அதன் குரல் உடைந்தது.

"ஏன் பிடியண்ணே, முதல் சத்தம் கேட்டப்ப நான் பாறையிலதானே நின்னேன்? கேட்டேனே! என்ன சத்தம்னு கேட்டேனே! என் குட்டிங்க முகத்தைப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

முறுக்கன் கண்ணை உருட்டி உருட்டி அதைப் பார்த்தது. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெண்டாட்டியின் வாலை இறுகக் கடித்தபடி, கேட்ட அத்தனை பேர் முன்னாலும், பேசாமல் தொங்கியது.

தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு பேணிச் சரிசெய்யாமல் மேலே பூசி மறைக்கிறவன், தன்னை நம்பிப் பிடித்தவர்களையும் சேர்த்துக் கைவிடுகிறான்.