வாலருகே ஒரு கண்

அந்தக் காலத்தில், மீனும் பவளமும் கடல் அட்டையும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, வண்ணத்துப்பூச்சி மீனுக்கு முகத்தில் கறுப்புப் பட்டை கிடையாது. வாலருகே கண்ணும் கிடையாது. உடம்பு முழுக்க மஞ்சள்தான், கண்பட்டுவிடுமோ என்கிற மஞ்சள்.

மன்னார் கடலில் ஒரு தீவைச் சுற்றிப் பாறைத்திட்டாகக் கிடந்த பவளப்பாரில் மஞ்சாடி என்ற வண்ணத்துப்பூச்சி மீனும் அவள் புருஷன் கொன்றையானும் குடியிருந்தார்கள். பவளம் எண்ணுவது அவர்கள் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை வெயில் ஏறிக் கடல் சுடும்போது, உயிரோடு இருக்கும் பவளங்கள் எத்தனை என்று பொழுது சாய்வதற்குள் கடலை ஆளும் கடலாத்தாளிடம் சொல்ல வேண்டும். சொன்ன கணக்குக்குத் தக்கபடி அவள் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை அனுப்புவாள். ஒன்று குறைத்துச் சொன்னால் அந்த ஒன்று வெந்து சாகும். ஒன்று கூட்டிச் சொன்னால் ஒரு சொட்டும் வராது, பொய் அவளுக்கு அறவே ஆகாது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. பாசியில் முறுக்கிய நீளக் கயிற்றின் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு கொன்றையான் கரையோரத்தில் அசையாமல் நிற்பான். மறுநுனியோடு மஞ்சாடி நேராக நீந்தி, இருபக்கமும் உள்ள பவளங்களை எண்ணிக்கொண்டே போவாள். அவன் கயிற்றை விட்டால் வழி கோணிப்போகும். அவள் திரும்பிப் பார்த்தால் எண்ணியதும் எண்ணாததும் கலந்துபோகும். எது நடந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். முடிந்ததும் அவள் மூன்று முறை இழுப்பாள். ஒரே ஒரு இழுப்பு என்றால், ஆபத்து, வா என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒற்றை இழுப்பு வந்ததே இல்லை.

அந்த ஆண்டு கடல் கஞ்சித் தண்ணீராய்ச் சுட்டது. மான்கொம்புப் பவளங்கள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன. பாருக்கு நாட்டாமையான களவா மீனோ, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று பொந்துக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தார். அவர் வீட்டு வாசல் பவளமே வெளுத்த பிறகுதான் எண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். நாட்டாமைகளுக்கு எப்போதும் வாசல் வரை வந்தால்தான் சுடும். அன்றைக்கென்று பார்த்துக் கடல் மிகவும் வற்றும் நாள்.

கரையோரத்தில் தண்ணீர் நிற்காதே, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மஞ்சாடி கேட்டாள்.

"நாளைக்கு எண்ணுறதுக்கு என்னளா மிச்சம் இருக்கும்?" என்றான் கொன்றையான். "நீ முன்னால பாத்துப் போ. பின்னால நான் இருக்கேன்."

அவள் போனாள். ஆயிரத்து நூற்றுப் பத்தை எண்ணும்போது கயிறு ஒருமுறை சுண்டியது.

ஒரே ஒரு முறை.

மஞ்சாடியின் உடம்பெல்லாம் திரும்பிவிடத் துடித்தது. முன்னால் பாரின் கடைசித் திட்டு இருந்தது. போன ஆண்டுதான் ஒட்டி முளைத்த பொடிப் பவளங்கள், நகத்தளவு கூட இல்லை. "எங்களையும் எண்ணுவியாக்கா?" என்று அவை கேட்டன. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான். கயிறு விறைப்பாகவே இருந்தது. விறைப்பாக இருக்கிறதென்றால் அவரும் இருக்கிறார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஆயிரத்து நூற்றுப் பதினொன்று என்றாள். திரும்பவில்லை.

ஆயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றில் கணக்கு முடிந்தது. மூன்று முறை இழுத்தாள். பாரின் வெளிவிளிம்பில் நின்று கடலாத்தாளிடம் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் சொன்னாள். அடிக் கடலிலிருந்து குளிர்ந்த நீர் பொங்கிப் பாருக்குள் பாய்ந்தது. வெளுத்த பவளங்கள் பெருமூச்சு விட்டன. மஞ்சாடி எதையும் பார்க்க நிற்காமல் கரையோரத்துக்கு விரைந்தாள். கயிற்றின் நுனி தனியாக மிதந்துகொண்டிருந்தது.

அங்கே நகர முடியாமல் ஒரு கடல் அட்டை கிடந்தது. நடந்ததை அதுதான் சொன்னது.

"தண்ணி வத்திப்போச்சு தாயி. ஒரு குழியில ரெண்டு விரக்கட ஆழத் தண்ணியில கிடந்தாரு. ஒரு தடவ இழுத்துட்டாரு. இழுத்த பொறவு, தப்புப் பண்ணிட்டேன், அவ திரும்பிரக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டே சொன்னாரு. ஒன்னோட மூணு இழுப்பு வந்த பொறவுதான் வாயத் தொறந்தாரு. அப்ப குளுந்த தண்ணி வந்துச்சு. நீந்தத் தெம்பில்ல, அள்ளிட்டுப் போயிட்டு."

"உசிரு இருந்துச்சா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு" என்றது அட்டை. அதற்கு மேல் அதற்கும் தெரியவில்லை.

மஞ்சாடி ஏழு பார்களில் தேடினாள். கிடைக்காமல் கடலாத்தாளிடமே போய் நின்றாள். நீ அனுப்பிய தண்ணீர்தானே கொண்டுபோனது, திருப்பிக் கொடு என்று கேட்டாள். போன தண்ணீரை மடக்கத் தன்னாலும் ஆகாது, வேறு எதையாவது கேள் என்றாள் கடலாத்தாள்.

"அப்ப எனக்குப் பின்னால ஒரு கண்ணு குடு ஆத்தா. முன்னால பாத்தே போற பொழப்பு எனக்கு. அவரு பின்னால வந்தா தெரியணும்."

கடலாத்தாள் கணவாய் மீனிடம் மை வாங்கி, மஞ்சாடியின் வாலருகே ஒரு கண் எழுதினாள். விரலில் மிச்சமிருந்த மையை அவள் முகத்துக் கண்கள் மேல் பட்டையாக இழுத்துவிட்டாள். அந்தக் கண்கள் அழுவது ஊருக்குத் தெரிய வேண்டாமே. மையால் எழுதிய கண்ணுக்குப் பார்வை வராது. மஞ்சாடிக்கும் அது தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கும் பவளம் எண்ண முங்குகிற ஆட்கள் நீளமாக அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி நேராகத்தான் போகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே மஞ்சாடியின் வம்சமும் ஒவ்வொரு பவளமாகத் தொட்டுப் போகும். அன்று முதல்தான் வண்ணத்துப்பூச்சி மீன் துணையை விட்டு அகலாமல் ஜோடியாகவே நீந்துகிறது; முகத்துக் கண் பட்டைக்குள் மறைந்திருக்க, வாலருகே இருக்கும் கண் மட்டும் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.