அடைக்கோழியைத் தின்றவர்கள்

கருவேலம்பொட்டல்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம்! எங்களுக்கு மூளை இருக்கிறது. உபயோகித்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதிலும் தவசிக்கண் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தவன்.

அவன் பெண்டாட்டி உலகம்மா, தங்கச்சி வீடு கட்டுகிறாள் என்று ஒத்தாசைக்கு மூன்று மாதம் கோவில்பட்டிக்குக் கிளம்பினாள். அவளுடைய செல்லக் கோழி அப்போதுதான் பதினோரு முட்டையில் அடை படுத்திருந்தது.

"நான் திரும்பி வரும்போது வீட்டுல குஞ்சு இருக்கணும். இல்லைன்னா அடுத்த பஸ்ஸுலயே தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன், சொல்லிட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். தவசிக்கண்ணுக்கு அவள் மேல் உயிர். அவ்வளவு பிரியம், அதே அளவுக்குப் பயம்.

மறுநாளே உலகம்மாவின் தம்பி சொள்ளமுத்து வந்து சேர்ந்தான். மச்சினன் வந்தால் கோழி அடிக்க வேண்டாமா? தவசிக்கண்ணும் பக்கத்து வீட்டுப் பூல்பாண்டி அண்ணாச்சியும் கோழிகளை விரட்டு விரட்டென்று விரட்டினார்கள். எல்லாம் தப்பி ஓடின. ஒரே ஒரு கோழி மட்டும் கூடைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மருவாதி தெரிஞ்ச கோழி" என்றார் அண்ணாச்சி. குழம்பு பிரமாதமாக இருந்தது.

கடைசி எலும்பைச் சப்பும்போதுதான் சொள்ளமுத்து கேட்டான்: "அத்தான், அந்தக் கூடையில முட்டை கெடக்கே, அது மேல இப்போ யாரு உக்காந்திருக்கா?"

மூன்று பேரும் கையைக்கூடக் கழுவாமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே கம்பவுண்டர் ஞானராஜ் பொறுமைசாலி. "ஒரு தெர்மாகோல் பெட்டியில பல்பைப் போட்டு, முட்டையை உள்ள வைங்க. தெர்மாமீட்டர் தொண்ணூத்தொம்பதரை காட்டணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார்.

வைத்தார்கள். தெர்மாமீட்டரும் சொல்லி வைத்தாற்போல் தொண்ணூற்றொன்பதரை காட்டியது. அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

"ஏ தம்பி, போன மாசம் எனக்குத் தொண்ணூத்தொம்பதரை இருந்தப்போ டாக்டர் என்ன சொன்னாரு?"

"காய்ச்சல்னாரு, அண்ணாச்சி."

"அப்போ இதுகளுக்கு?"

மூன்று பேரும் பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "தாயைப் பறிகொடுத்த ஏக்கம், பாவம்" என்றான் சொள்ளமுத்து, பல்லைக் குத்திக்கொண்டே.

"நெத்தியில ஈரத்துணி போடணும்."

"முட்டைக்கு நெத்தி எது, அண்ணாச்சி?"

இதற்கு அரைமணி நேரம் பிடித்தது. கூரான பக்கம் நெற்றி, அகலமான பக்கம் உட்காருகிற இடம் என்று முடிவாயிற்று. பதினோரு நெற்றிக்கும் பதினோரு ஈரத்துணி போட்டார்கள். ஆளுக்கு அரை மாத்திரை கொடுக்கலாம் என்றார் அண்ணாச்சி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடலைப் புரட்டும் என்று தவசிக்கண்தான் தடுத்தான். மூன்று பேரில் அவன் கொஞ்சம் விவரமானவன். மூன்றாம் நாள் காய்ச்சல் சுத்தமாக விட்டு, முட்டையெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. பத்தாம் நாள் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம்.

சரி போகட்டும் என்று கடையில் பதினோரு வெள்ளை முட்டை வாங்கி வைத்தார்கள். காய்ச்சலைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் பொரியவில்லை. கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சேவல் சேராத முட்டை. சேவல் சேர்ந்தாத்தான்யா குஞ்சு வரும்."

"இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று வீட்டுக்கு வந்து, அண்ணாச்சியின் சேவலைப் பிடித்து முட்டைகளோடு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சேவலுக்குக் கூச்சமாக இருக்குமே என்று மூன்று பேரும் வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், சேவல் பல்புச் சூட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாட்டுச் சேவலுக்கும் டவுன் முட்டைக்கும் ஒத்துப்போகாது" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது தடவை அண்ணாச்சி வீட்டு நாட்டுக்கோழி முட்டை பதினொன்று. இந்தத் தடவை கம்பவுண்டர் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தார். "முட்டை ஓட்டுல ஒரு பக்கம் பெருக்கல் குறி போடுங்க. மூணு வேளையும் திருப்பி வைங்க. இல்லைன்னா கரு ஒரே பக்கமா ஒட்டிக்கும்."

பத்து நாள் கழித்து அவரே வந்து பார்த்தார். பதினோரு குறியும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"திருப்புறீங்களா இல்லையா?"

"மூணு வேளையும் சார்!" தவசிக்கண் நெஞ்சை நிமிர்த்தினான். "முழுசா ஒரு சுத்து. குறி மேல இருந்து கிளம்பி, கரெக்டா மேலயே வந்து நிக்கும். ஒரு நூல் பிசகுனதில்லை."

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் கையாலேயே குறிகளைக் கீழே திருப்பிவிட்டுப் போனார்.

பொரிக்க இரண்டே நாள் இருக்கும்போது, கம்பி மாற்றுகிறார்கள் என்று ஊரில் இரண்டு நாளைக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அதே நாள் உலகம்மாவிடமிருந்து போன். "நாளன்னைக்குக் காலையில வாரேன். குஞ்சு எத்தனை?"

"எண்ணிக்கிட்டே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, தவசிக்கண் உடனே கம்பவுண்டரைக் கூப்பிட்டான். அவர் அலுத்துப் போயிருந்தார். "ஐயா சாமி, உங்க மூளையை இதுல சேர்க்காதீங்க. கோழி என்ன செய்யுமோ, அதை அப்படியே செய்ங்க!"

உலகம்மா யார் பெண்டாட்டியோ அவனே உட்கார வேண்டும் என்று மற்ற இருவரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள். தவசிக்கண் கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டை மேல் நோகாமல் குந்தி, வேட்டியை விரித்துப் போர்த்திக்கொண்டான். அண்ணாச்சி அவன் முன்னால் அரிசியைத் தூவினார். அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் சொள்ளமுத்து அதட்டினான்: "பேசாதீங்க அத்தான், கோழி பேசுமா?" தின்றது மூன்று பேர், குந்தியிருப்பது ஒருத்தன், தன்னைப் போல ஒரு கூமுட்டை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று தவசிக்கண்ணுக்கே அப்போது தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

சொன்ன காலையில் உலகம்மா வந்து நின்றாள். "ஏங்க, இது என்ன கோலம்? எந்திரிங்க!"

தவசிக்கண் தோளைச் சிலிர்த்து, "கொர்ர்" என்றான். அவள் காதைப் பிடித்துத் தூக்கினாள். அடியில் பத்து முட்டை அப்படியே கிடந்தன. பதினோராவது உடைந்து, ஈரம் காயாத ஒரு குஞ்சு தவசிக்கண்ணை அண்ணாந்து பார்த்து, "கீச்" என்றது.

அவ்வளவுதான், தவசிக்கண் ஓவென்று அழுதுவிட்டான். கோழியைத் தின்றதிலிருந்து கூடையில் குந்தியது வரை எல்லாவற்றையும் கொட்டினான். "என் கோழியைத் தின்னுட்டு..." என்று உலகம்மா பாய்ந்தபோது, சொள்ளமுத்து குறுக்கே விழுந்தான்.

"அக்கா, அத்தானை அதட்டாதே. குஞ்சு பொரிச்ச பச்சை உடம்பு."

"ஆமாம்மா, குளிர்காத்து படக்கூடாது" என்றார் அண்ணாச்சி. "பத்தியச் சாப்பாடுதான் போடணும்."

உலகம்மா இரண்டு பேரையும் முறைத்தாள். கோவில்பட்டி பஸ் இன்னும் நாற்சந்தியில்தான் நின்றிருந்தது. அவள் ஒருத்தியாவது எங்கள் ஊரில் விவரமானவள் என்று நானும்தான் நம்பியிருந்தேன். அவள் குனிந்து குஞ்சைக் கையில் எடுத்தாள். அதன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூக்கைப் பாருங்க, அப்படியே எங்க மாமியார் மூக்கு" என்றாள். பிறகு பத்தியத்துக்குப் பூண்டு உரிக்க உள்ளே போனவள், அங்கிருந்தே சத்தம் போட்டாள்: "பொறந்த நேரத்தைக் குறிச்சு வச்சீங்களா, இல்லையா? ஜாதகம் எழுதணுமே!"