முன் டயரின் முடிவு

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கோத்தகிரியில் ஒரு கொட்டகைக்குள் ஒன்பது சைக்கிள்கள் விழித்திருந்தன. எட்டு சுவரில் தொங்கின. தரையில் நின்ற ஒன்பதாவதன் பெயர் செம்பன்.

எல்லாமே மலையில் ஓட்டுவதற்காக முப்பது வருடங்களுக்கு முன் செய்யப்பட்டவை. இரும்புச் சட்டம், தடித்த டயர், கட்டைவிரலால் தள்ளி மாற்றும் கியர். எஸ்டேட் பங்களாக்களில் கிடந்தவற்றைத் தேடிப் பிடித்தவர் தேவசகாயம், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் தமக்கென்று ஒரு சட்டம் வகுத்திருந்தார். கைப்பிடி ரப்பர் முதல் டயர் வரை எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் அந்தச் சைக்கிள் சுவருக்கு. ஒரு பாகம் மாறியிருந்தாலும் ரோட்டுக்கு. பொறுக்கிப் பொறுக்கி வாங்கியதால், ரோட்டுக்கென்று இதுவரை ஒன்றும் அமையவில்லை.

செம்பனில் எதுவும் மாறவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அதற்கும் ஒரு கொக்கி அடித்தாகிவிட்டது.

"மேல வா மாப்ள," என்றது சுவரில் தொங்கிய நீலச் சைக்கிள். "வாரம் ஒருக்கா தொடச்சு விடுறாங்க. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்குறாங்க. ராஜ வாழ்க்கை."

"கீழே எப்ப இறக்குவாங்க?"

"எதுக்கு?"

செம்பனின் செயின் லேசாகக் குலுங்கியது. "என்னை வாங்கின மேனேஜர் அந்த வாரமே மாற்றலாகிப் போயிட்டார். பங்களாவிலிருந்து கேட் வரைக்கும்தான் ஓடியிருக்கேன். பேரு மலைச் சைக்கிள். ஒரு மேடுகூட ஏறினதில்ல."

"புலம்பாதே," என்றது அதன் முன் டயர். "என் மேல இருக்கிற எழுத்துகூட அழியல. என்னை மாதிரி ஒரு டயர் இந்த ஜில்லாவுலேயே கிடையாது. என்னாலதான் உனக்குச் சுவரு."

"ஆமா. உன்னாலதான்."

பார்த்தவர்கள் எல்லாம் அந்த டயரைப் புகழ்ந்துதான் பழக்கம். இந்தக் குரல் அதற்குப் புதிது. குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"அந்தக் கேட்டுக்குப் பக்கத்துல கொஞ்சம் புல்லு இருந்துச்சு."

"ஞாபகம் இருக்கு. எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

கதவு திறந்தது. காற்றடிக்கும் பம்புடன் தேவசகாயம் வந்தார். பின்னாலேயே காபி தம்ளருடன் அவர் மனைவி ஜெசிந்தா.

"என்னங்க, இந்த இரும்புல அப்படி என்னதான் இருக்கு? ஒம்பது சேர்த்தாச்சு. தொப்பை மட்டும் குறைஞ்ச பாடில்ல."

"இதுல எது கெட்டாலும் ஒரு ஸ்பேனரை வெச்சு நானே சரி பண்ணிடுவேன் ஜெசி. சார்ஜ் போட வேணாம், எவனுக்கும் போன் போட வேணாம். ஓட்டுறவன் கைக்கு அடங்கின சாமான்."

"சரி, ஓட்டுறவன் யாரு?"

தேவசகாயம் அவசரமாகக் குனிந்து பம்பைச் செருகினார். "மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுக்கணும். டயர் கும்முனு இருந்தாத்தான் அழகு."

டயரின் பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் இருந்தன. இறுக்கிப் பிடித்தால் இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்கும். அது கொக்கியைப் பார்த்தது. திறந்த கதவுக்கு வெளியே வெயில் விழுந்த மண்பாதையைப் பார்த்தது. பம்பின் ஏழாவது அடியில் பிடியை விட்டது.

படார்!

காபி ஜெசிந்தாவின் சேலையில் கொட்டியது. தேவசகாயம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு ஜெசி. ஒரிஜினல் போச்சு."

"போனா போகட்டும். சுவருக்கு ஆகாது, அவ்வளவுதானே? ரோட்டுக்கு ஆகும்ல? உங்க சட்டம்தானே அது."

அவர் கிழிந்த டயரைப் பார்த்தார். பிறகு செம்பனைப் பார்த்தார். துக்க வீட்டில் சிரிப்பு வந்துவிட்டவரைப் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆகும்," என்றார்.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து இரண்டு புது டயர்கள் வந்தன. பழைய முன் டயரிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுக்கொண்டார். வழியில் டயர் கிழிந்தால் உள்ளே வைத்துக்கொள்ள உதவும். சைக்கிள் கடைக்காரர்கள் செய்வதுதான்.

"ஜில்லாவுலேயே ஒண்ணே ஒண்ணு," என்று சுவரிலிருந்து நீலச் சைக்கிள் சிரித்தது. "கடைசியில கந்தல் துண்டா?"

"நான் கேட்டைத் தாண்டப் போறேன். நீ?" என்றது பைக்குள்ளிருந்த துண்டு.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியில் பழைய மலைச் சைக்கிள்களின் ஓட்டம் நடந்தது. முப்பத்தொரு பேர் கலந்துகொண்டார்கள். பதினான்காவது கிலோமீட்டரில் கூரான கல் ஒன்று செம்பனின் புது முன் டயரைக் கிழித்தது. தேவசகாயம் டியூபுக்கு ஒட்டுப் போட்டார். கிழிசலுக்கு உள்ளே பழைய டயர் துண்டை வைத்துக் காற்றடித்தார். உச்சிக்கு இருபத்தொன்பதாவதாகப் போய்ச் சேர்ந்தார்கள்.