தண்ணீருக்கு முன் ஒரு ‘சரி’

“என் மேல தப்பில்லம்மா. அதை உங்க வாயால நீங்க சொல்லணும்.”

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் வைகுண்டம் இதைச் சொன்னார். உச்சி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. யார் ஏறி வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு என்பது அந்த ஆசிரமத்து வழக்கம். அன்று செம்பைக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் மளமளவென்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

கடைசியில், “சம்மதமா?” என்று கேட்டார்.

“சரி, சரி. முதல்ல தண்ணியக் கொடுங்க.”

கொடுத்தார். மனிதர் ஒரே மூச்சில் செம்பைக் காலி செய்தார்.

“இப்ப சொல்லுங்க” என்றார் ஆவுடையம்மாள்.

வைகுண்டம் சொந்தமாக ஓர் இணையதளம் நடத்துகிறார். வீட்டில் அடிபடும் பெண்கள் படிக்கவென்றே அதில் ஒரு பக்கம் உண்டு. நல்ல மனிதர்தான், பாவம். செலவுக்கு ஆகட்டும் என்று ஒரு விளம்பரக் கம்பெனியின் ‘குக்கீ’ என்ற கண்காணிப்புக் கோப்பை உள்ளே விட்டிருந்தார். யார் எதைப் படித்தார்கள் என்று அது கம்பெனிக்குச் சொல்லிவிடும்.

“ஒரு பொண்ணு படிச்சிருக்கா. மறுநாள் அவ போன் பூரா விவாகரத்து வக்கீல் விளம்பரம். புருஷன் பாத்துட்டான். கையை ஒடிச்சிட்டாம்மா. இப்ப அக்கா வீட்ல கிடக்கா.”

செம்பைக் கீழே வைத்தார்.

“ஆனா நான் கேட்டுத்தானே செஞ்சேன்? தளத்துக்குள்ள வந்ததுமே எல்லாத்தையும் எழுதிக் காட்டி, சம்மதமான்னு கேக்குது. அவதான் ‘சரி’ய அமுக்கினா.”

“அப்படியா?” என்ற ஆவுடையம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“அடிவாரத்துப் பூக்கடைக்கு. உங்க மக மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடுறதைச் சொல்லிட்டு வந்திடுறேன்.”

வைகுண்டம் பதறி எழுந்தார். மகளைப் பெண் பார்க்க வரப்போகும் வீட்டுக்கு அந்தப் பூக்கடைக்காரி நெருங்கிய உறவு.

“ஐயோ! உங்களை நம்பி நான் அழுதுகிட்டே சொன்னதும்மா அது!”

“கேட்டுத்தானே போறேன்? தண்ணி கொடுக்கும்போது விவரமா சொன்னேன். நீங்கதான் ‘சரி’ன்னீங்க.”

“தாகத்துல சொன்னேம்மா! நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குக் காதுல...”

அக்கா வீட்டில் கையில் கட்டோடு கிடப்பவளை நினைத்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

ஆவுடையம்மாள் ஏறி வந்தார். செம்பை மறுபடி நிறைத்து அவர் கையில் கொடுத்தார்.

இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.