பூண் போட்ட முளை

முளையைப் பிடுங்கிக்கொண்டு போனவனே, உன்னைத்தான்! கூட்டத்தோடு கூட்டமாய் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டு, யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோல் மோட்டுவளையைப் பார்க்காதே. நைசாக எழுந்து போகவும் நினைக்காதே. கதை முடியட்டும். மற்றவர்களே, நீங்களும் கேளுங்கள்; கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவன் முகத்தையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

குதிரைகள் கப்பலேறி வந்து கரை இறங்கிய காலம் அது. துறைமுகத்துக்கும் அரசன் கோட்டைக்கும் நடுவே மஞ்சம்புல் வெளி கிடந்தது. கிழக்கே பார்த்தால் புல், மேற்கே பார்த்தால் புல், எக்கிப் பார்த்தால் இன்னும் புல். ஊர் இல்லை, ஆள் இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. வெயில் மட்டும் தாராளம். நட்டநடுவில் ஒரு சுனை. குதிரைக்காரர்கள் அங்கேதான் கூடாரம் அடித்துத் தங்குவார்கள்.

சுனைக்கரையில் மூன்று முளைகள் இருந்தன. குதிரை கட்டும் முளைகள். யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. வருகிறவன் கட்டுவான், போகிறவன் அவிழ்ப்பான், முளை மண்ணிலேயே இருக்கும். அந்த வெளியின் வழக்கம் அது. எவனாவது சொந்த முளையைச் சுமந்துகொண்டு வந்தால், "வழிக்குப் புதுசா அண்ணே?" என்று சிரிப்பார்கள்.

மல்லாண்டான் புதியவன் அல்ல. அதனால் முளை கொண்டு வரவில்லை.

லாயத்தில் குதிரை லத்தி அள்ளப் போனவன் அவன். உதையும் கடியும் வாங்கி வாங்கியே குதிரை வாங்கி விற்கிறவனாய் உயர்ந்தவன். பேரத்தில் புலி, கோபத்தில் மிளகாய். கோயில் விபூதியைக்கூட, "இன்னும் ஒரு சிட்டிகை போடுங்க சாமி" என்று கேட்டு வாங்குவான். வெள்ளிப் பூண் போட்ட கருங்காலித் தடி ஒன்று வைத்திருந்தான்; முதல் குதிரை விற்ற லாபத்தில் செய்தது. அதைத் தரையில் ஓங்கித் தட்டினால் விலை முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் விலை குறையாது.

அரசன் முதல்முறையாக அவனிடம் மூன்று குதிரை கேட்டிருந்தான். திருவிழாக் கொடி ஏறுவதற்குள் மூன்றும் வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் கோட்டை வாசலை மறந்துவிட வேண்டியதுதான். மறுபடியும் லத்திக்கூடைதான்.

கருவாலன், பவளம், சுழியன் என்று மூன்று குதிரைகள். அவற்றோடு மல்லாண்டானும் பெண்டாட்டி சிலம்பாயியும் பொழுது சாயும் வேளையில் சுனைக்கு வந்து சேர்ந்தார்கள். பார்த்தால், முளைகள் இல்லை. முளை இருந்த குழிகள்தான் இருந்தன.

மல்லாண்டான் குழியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நான் எடுக்கல," என்றாள் சிலம்பாயி.

அவ்வளவுதான், வெடித்துவிட்டான். "முளையப் பிடுங்கினவன் மீசை ஒரு பக்கம் உதிரட்டும்! அவன் சோத்துல பிடிக்குப் பிடி கல்லு கடிபடட்டும்! அவன் ஏறுற குதிரை எல்லாம் பின்பக்கமாவே நடக்கட்டும்!"

"புல்லு நடுங்கிப் போச்சு. போதும். குதிரைய எங்க கட்டறது, அதச் சொல்லுங்க."

கட்டாத குதிரை அந்த வெளியில் காற்றோடு போய்விடும். காலில் தளை போட்டாலும் நொண்டி நொண்டியே அடிவானத்தைத் தாண்டும்.

முதலில் மூன்றையும் ஒன்றோடொன்று கட்டினான். மூன்றும் மூன்று திசைக்கு இழுத்து நின்றன. மல்லாண்டான் மீசையை முறுக்கினான். அதற்குள் மூன்றும் கலந்து பேசியதுபோல் ஒரே திசைக்குக் கிளம்பிவிட்டன. ஓடிப் பிடித்து வந்தான்.

இரண்டாவதாகக் கொள்ளு மூட்டையில் கட்டினான். மூட்டை நல்ல கனம், அசையவில்லை. ஆனால் சுழியன் மூட்டையைக் கடித்துக் கிழித்துத் தின்னத் தொடங்கியது. கனம் குறைந்துகொண்டே வந்தது. நங்கூரத்தைத் தின்கிற கப்பலை மல்லாண்டான் அன்றுதான் பார்த்தான்.

மூன்றாவதாகத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டான். "இப்ப எங்க போகும்?" என்று கேட்டு வாய் மூடவில்லை, புல்லுக்குள்ளிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழுந்தது. குதிரைகள் மிரண்டன. வயிறு தேய, வாயெல்லாம் புல்லாக, மல்லாண்டான் போனான். சுனைத் தண்ணீர் குறுக்கே வந்ததால்தான் நின்றான்.

சிலம்பாயி ஓடிவந்து கடிவாளங்களைப் பிடித்தாள். "பேரம் பேசிப் பாக்கறதுதானே? நின்னிருக்கும்."

 அவன் கையிலிருந்த தடியையே பார்த்தாள்.

மல்லாண்டான் தடியை மார்போடு அணைத்துக்கொண்டான். "இதையா? முடியாது."

"முடியாட்டி விடுங்க. லத்திக்கூடை வீட்டுலதான் இருக்கு. தூக்கிப் போடாமத்தான் வெச்சிருக்கேன்."

அந்தக் கூடையின் நாற்றம் அங்கேயே அவன் மூக்கில் ஏறியது. சாமானோடு வந்த அரிவாளை உருவி, கண்ணை மூடிக்கொண்டு தடியை வெட்டினான். தடி மூன்று துண்டானது. நுனியைச் சீவி, அரிவாளின் முதுகால் தட்டி, மூன்றையும் மண்ணில் இறக்கினான். பூண் இருந்த துண்டில் சுழியனைக் கட்டினான். மூன்றும் நின்றன.

விடிந்தது. மூன்று குதிரையும் பசும்புல் மேய்ந்துகொண்டு அதே இடத்தில் நின்றன. மல்லாண்டான் அவிழ்த்தான். அவிழ்த்த கை பூண் முளையைப் பிடுங்கப் போனது.

"மீசைய ஒரு தடவ நல்லாத் தடவிக்குங்க," என்றாள் சிலம்பாயி. "அப்புறம் கெடைக்காது."

கை நின்றது. "அடியே, இது நான் அடிச்ச முளை!"

"இத்தனை வருஷம் கட்டினீங்களே, அதெல்லாம் நீங்க அடிச்சதா?"

"சரி, ரெண்ட விட்டுடறேன். பூண் போட்டது மட்டும் எனக்கு."

"மூணு குதிரையோட வர்றவன் மூணாவத எங்க கட்டுவான்? இடுப்புலயா?"

மல்லாண்டானின் இடுப்பு சுருக்கென்றது. "பூணையாவது கழட்டிக்கறேன்."

"கழட்டினா, அடுத்தவன் தட்டுற தட்டுல கட்டை பிளந்துரும்."

வாழ்நாளில் முதல்முறையாக மல்லாண்டான் பேரத்தில் தோற்றான். அரிவாளைத் திருப்பிப் பிடித்துப் பூணின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். முளை இன்னும் ஒரு விரல் உள்ளே போனது. விலை முடிந்தது.

கொடி ஏறுவதற்கு முன்பே குதிரைகள் கோட்டைக்குள் நுழைந்தன. லாயத் தலைவர், "தடி எங்கேய்யா? அது இல்லாம எப்படி விலை முடிப்பே?" என்று கேலி செய்தார்.

"அது புல்வெளியில காவலுக்கு நிக்குதுங்க," என்றான் மல்லாண்டான்.

செய்தி அரசன் காதுக்குப் போனது. அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, இனி கோட்டைக்குக் குதிரை இவனே கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டான்.

திரும்பி வரும்போது, விற்ற பணத்தில் வாங்கிய ஒரு மட்டக் குதிரைமேல் சிலம்பாயி. முன்னால், தன் முளையைப் பார்க்கும் ஆசையில் மல்லாண்டான், பாட்டு வேறு. சுனை வந்தது. பாட்டு நின்றது. இரண்டு முளைகள் இருந்தன. பூண் போட்டது இல்லை.

மல்லாண்டான் வாயைத் திறந்தான். சிலம்பாயி காதைப் பொத்தினாள். ஆனால் வசவு வரவில்லை.

"பழைய சாபமே தெம்பாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மட்டக் குதிரையை மீதமிருந்த ஒரு முளையில் கட்டினான். விடிந்ததும் அவிழ்த்தான். அந்த இரண்டையும் தொடவில்லை.

பின்னால் வருகிறவனுக்கு உரியதைப் பிடுங்குகிறவன், தான் திரும்பி வரும் வழியையே பிடுங்கிக்கொண்டு போகிறான்: இதுதான் இந்தக் கதையின் நீதி.

கேட்டாயா, முளையைக் கொண்டுபோனவனே? முதலில் போன மூன்றும் உன் வேலையா என்று கேட்கவில்லை. பூண் போட்டது உன் வேலைதான். பார், சாபத்தைச் சொன்னபோது இந்தக் கூட்டத்தில் ஒரு கை மீசைக்குப் போனது. சுனைக்கரையில் அந்தக் குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. எழுந்திரு. கொண்டு போய், பூணோடு, அதே குழியில், ஆழமாய் அடித்துவிட்டு வா. இதில் பேரம் கிடையாது.