நடு ஆற்றில் கைமாறிய கத்தி

ஆடு மாடுகளும் காக்கை குருவிகளும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காவிரி மலையைவிட்டு இறங்கும் இடத்தில் மாதையன் என்று ஒரு பரிசல்காரன் இருந்தான். மூங்கிலை வளைத்துப் பின்னி, அடியில் எருமைத்தோலை இழுத்துக் கட்டிய வட்டப் பரிசல் அவனுடையது. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில்.

தொழில் அது என்றாலும் ஆசை வேறு இடத்தில் இருந்தது. மடக்குக் கத்தி என்றால் மாதையனுக்கு உயிர். ஊருக்கு ஊர் கொல்லன் வேறு, அவன் செய்யும் கத்தியும் வேறு. மலைக்காரர்கள் மடியில் வைத்திருக்கும் கத்திக்குக் கருங்காலிப் பிடி. உப்பு விற்க வருகிறவர்களின் கத்திக்குப் பித்தளைப் பிடி, அலகு மட்டும் ஆலிலை போல அகலம். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பது சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் பட்டால் போதும். மாதையன் வருகிற போகிறவர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தான். வேலை இல்லாத நேரத்தில் ஓலைப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, விரித்துப் பார்ப்பான். மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் காதோடு வைத்துக் கேட்பான். ஒரு கத்தியின் சத்தம் இன்னொன்றுக்கு வராது என்பான்.

அவன் மனைவி பாவாயிக்கு இது பிடிபடவே இல்லை.

"என் அரிவாள்மனை மொட்டையாகிக் கிடக்குது. ஒரு கத்தி குடுங்கன்னா குடுக்க மாட்டேங்கிறீங்க" என்பாள்.

"இதெல்லாம் காய் நறுக்குற கத்தி இல்ல, பாவாயி."

"பின்ன என்னத்த நறுக்குற கத்தி?"

மாதையன் தலையைச் சொறிந்துகொண்டு ஆற்றுக்குப் போய்விடுவான்.

அவன் ஆசையைப் புரிந்துகொண்ட உயிர் ஒன்று ஆற்றில் இருந்தது. அது ஒரு பெண் நீர்நாய். மீசை நீளமாக இருந்ததால் மாதையன் அதை மீசைக்காரி என்று கூப்பிடுவான். அந்தக் காலத்து நீர்நாய்களுக்கு விரல்கள் அணிலுக்கு இருப்பதுபோலத் தனித்தனியாக இருந்தன. முடிச்சு அவிழ்க்கும், நண்டின் ஓட்டைப் பிரிக்கும், கத்தியில் நகம் வைக்கும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து அழகாக விரிக்கும். ஆற்றில் குனிந்து தண்ணீர் குடிக்கிறவர்களின் மடியிலிருந்து கத்தி நழுவி விழுவது உண்டு. அவை எந்த ஊர்க்காரருடையவை, எப்போது விழுந்தவை என்று யாருக்கும் தெரியாது. மீசைக்காரி முங்கிப்போய் மணலில் துழாவி எடுத்து வரும். பரிசல் ஓரத்தில் தலையை நீட்டி, ஈரக்கையாலேயே மாதையன் கையில் கொடுக்கும். இருவரும் சேர்ந்து துருவைத் தேய்ப்பார்கள்.

"இந்த ஆணியைப் பாரு மாதையா. அடிச்சவன் நிதானமான ஆளு."

"ஆமா, பிடியில உள்ளங்கை எப்பிடி உக்காருது பாரு."

இப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். பாவாயி சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாலும் கவனிக்க மாட்டார்கள்.

பாவாயிக்கு முதல் பிள்ளை வயிற்றில் வளர்ந்தது. வளையல் போட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போக வேண்டும். தாய்வீடு அக்கரையில் இருந்தது. அவள்மேல் ஒரு சொட்டு நீர்கூடப் படக்கூடாது என்று மாதையன் அன்று காலையில் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் காய்ச்சிப் பரிசலின் அடித்தோல் முழுவதும் புதிதாகப் பூசினான். அது காய்ந்து இறுகுவதற்குள் நல்ல நேரம் தப்பிவிடும் என்று மாமியார் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சரி என்று பாவாயியை வைக்கோல்மேல் உட்காரவைத்து, அவள் மடியில் தாய்வீட்டுக்கான முட்டைக்கோழியையும் கொடுத்துத் துடுப்பைப் போட்டான்.

நடு ஆற்றுக்கு வந்தபோது பரிசல் பக்கத்தில் மீசைக்காரி தலையை நீட்டியது. கையில் ஒரு கத்தி இருந்தது.

அப்படி ஒரு கத்தியை மாதையன் பார்த்ததில்லை. மான்கொம்புப் பிடி. மீசைக்காரி அலகை விரித்தபோது, ஓடுகிற தண்ணீரின் மேல்பரப்பு போல இரும்புக்குள் வரி வரியாக ஓடியது. எந்தக் கொல்லன் எந்த மனநிலையில் அடித்தானோ.

"எங்கே கெடச்சுது?" மாதையன் அலகிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஆனைப்பாறைக்கு அடியில. போன அமாவாசைக்கே எடுத்துட்டேன்."

"அப்பவே ஏன் கொண்டாரல?"

மீசைக்காரி கொஞ்சம் தயங்கியது. "இதை நானே வச்சுக்கலாம்னு இருக்கேன், மாதையா. உனக்குக் காட்டாம இருக்க மனசு வரல. அதான் எடுத்தாந்தேன்."

"நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? உனக்கு எதுக்குக் கத்தி?"

"உனக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

மாதையன் துடுப்பைப் பரிசலுக்குள் வைத்தான். "ஏங்க, நடு ஆறுங்க" என்றாள் பாவாயி. அவன் காதில் விழவில்லை.

"ஒரு தரம் கையில குடு. பாத்துட்டுத் தர்றேன்."

மீசைக்காரி பரிசல் விளிம்பில் ஒரு கையை ஊன்றி எழும்பி, விரித்த கத்தியை உள்ளே நீட்டியது. மாதையன் பிடியின் பின்பக்கத்தைப் பிடித்தான். மீசைக்காரி முன்பக்கத்தை விடவில்லை. அவன் லேசாக இழுத்தான். அது லேசாக இழுத்தது. பிறகு லேசாக இல்லை. ஒரு மான்கொம்புப் பிடியில் இரண்டு கைகள் இறுகின. இத்தனை காலம் எத்தனையோ கத்திகளை அது கொடுத்திருக்கிறது, இவன் வாங்கியிருக்கிறான். இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பார்த்ததும் மாதையனுக்கு வெட்கமாகிவிட்டது. அது கண்டெடுத்த பொருள், அதனிடம் போய்ப் பிடுங்குகிறோமே என்று நினைத்தான். மீசைக்காரிக்கும் வெட்கமாகிவிட்டது. நடு ஆற்றில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறான், அவனிடம் போய் மல்லுக்கு நிற்கிறோமே என்று நினைத்தது.

இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள்.

கத்தி நேராக முனை கீழாக விழுந்தது. வைக்கோலைத் துளைத்து, எருமைத்தோலில் பிடிவரைக்கும் இறங்கி நின்றது. மாதையன் குனிந்து அதை வெடுக்கென்று பிடுங்கினான். பிடுங்கி, அலகில் கீறல் விழுந்ததா என்று பார்த்து, மடக்கி மடியில் செருகினான். பிறகுதான் பாவாயியின் முகத்தைப் பார்த்தான். அவள் காலடியில் தண்ணீர் ஊற்றுபோலப் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று கோழி அலறியது.

பாவாயி அலறவில்லை. முந்தானையைச் சுருட்டி ஓட்டையில் திணித்துப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே பரிசல் சுற்றியது. சுற்றச் சுற்றத் தோலில் கிழிசல் நீண்டது. துணி நிற்கவில்லை.

"துடுப்பைப் போடு மாதையா!" என்று கத்திவிட்டு மீசைக்காரி முங்கியது. பரிசலுக்கு அடியில் போய், மல்லாந்து, விரல்களை முழுக்க விரித்துக் கிழிசல்மேல் கையை அழுத்தியது. உள்ளே பொங்கிய நீர் கசிவாகக் குறைந்தது. மாதையன் துடுப்பை எடுத்தான். அதுவரை வாழ்நாளில் அப்படி அவன் தள்ளியதில்லை.

ஆறு சும்மா விடவில்லை. இன்னும் இறுகாத குங்கிலியம் மீசைக்காரியின் விரலிடுக்கெல்லாம் ஏறியது. ஒரு கை மரத்துப்போனதும் மறு கையை வைத்தது. அதுவும் மரத்ததும் பின்னங்கால்களைக் கொடுத்தது. மூச்சுக்கு மேலே வரும்போது கண்ணிமைக்கும் நேரம் தண்ணீர் உள்ளே பாயும். பாவாயி பரிசலில் கிடந்த சட்டியால் இறைத்து ஊற்றுவாள். கிழிந்த தோலின் ஓரங்கள் குங்கிலியத்தோடு சேர்ந்து அதன் விரல்களில் பிய்ந்து பிய்ந்து ஒட்டிக்கொண்டன.

கரை வந்தது. மாதையன் பாவாயியைத் தூக்கி மணலில் உட்காரவைத்தான். பாவாயி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மீசைக்காரி மெதுவாகக் கரையேறியது. மூச்சு வாங்கியது. நான்கு பாதங்களிலும் விரலுக்கும் விரலுக்கும் நடுவே எருமைத்தோல் சவ்வாக ஒட்டியிருந்தது. மாதையன் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தான். மணலால் தேய்த்தான், எண்ணெய் போட்டுத் தேய்த்தான், போகவில்லை. மடியிலிருந்த கத்தியை எடுத்து விரித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே முனையை மெல்ல வைத்தான்.

"வேணாம், எடு" என்றது மீசைக்காரி. "வலிக்குது."

முனை பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. எருமைத்தோல் அதற்குள் மீசைக்காரியின் தோலாகவே ஆகிவிட்டிருந்தது.

மாதையன் அழுதுவிட்டான். கத்தியை மடக்கி அதன் முன்னால் மணலில் வைத்தான். "இது உன்னோடது. நான் தொட மாட்டேன். பெட்டியில இருக்கிறதும் எல்லாம் உன்னோடதுதான்."

மீசைக்காரி கத்தியை எடுத்தது. பள்ளத்தில் நகத்தைக் கொடுக்கப் பார்த்தது. சவ்வு இழுத்துப் பிடித்தது, நகம் எட்டவில்லை. மறுபடி பார்த்தது. நழுவியது. மூன்றாம் முறை முயலாமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தது.

"நான் விரிச்சுக் காட்டுறேன், குடு" என்று மாதையன் சொன்ன சொல்லை மறந்து கையை நீட்டினான். மீசைக்காரியும் நீட்டியது. நீட்டிய கைகள் இரண்டும் பாதியில் நின்றன. அவன் வாங்க அஞ்சினான், அது கொடுக்க அஞ்சியது. அத்தனை நாள் பழகியவர்கள் கத்திக்கு இருபுறமும் அந்நியரைப் போல நின்றார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பாவாயிக்குத் தாங்கவில்லை. கரையேறிய பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"ஆத்தா மீசைக்காரி, அதை மண்ணுல வையி. ஏங்க, அது கையை எடுத்த பெறகு நீங்க எடுத்துக்குங்க. மண்ணு யார் பக்கமும் இழுக்காது, யாரு கையையும் நோகடிக்காது."

மீசைக்காரி கத்தியை மணலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனது. மாதையன் எடுத்தான். விரித்தான். அலகில் ஆற்றுத் தண்ணீர் வரி வரியாக ஓடியது. மீசைக்காரி கிட்டே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. மூவரும் வெகுநேரம் பார்த்தார்கள். பாவாயியும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள், மனசில்லாமல்.

"மடக்கு" என்றது மீசைக்காரி. "சத்தத்தைக் கேப்போம்."

பாவாயிக்குப் பெண் பிறந்தது. மாதையன் புதுத்தோல் கட்டிப் பரிசல் விட்டான். விரல்கள் ஒட்டிப்போன மீசைக்காரிக்கு நீச்சல் கூடியது. எந்த மீனும் அதனிடம் தப்பவில்லை. ஆனாலும் தினம் பொழுது சாய்வதற்குள் அது கரைக்கு வந்துவிடும். மாதையன் பெட்டியைத் திறந்து, அது காட்டுகிற கத்தியை எடுத்து விரித்துக் காட்டுவான். மான்கொம்புக் கத்தியை மட்டும் அது தன் பாறைப் பொந்திலிருந்து வாயில் கவ்விக்கொண்டு வந்து, மணலில் வைத்துவிட்டு, தள்ளி நிற்கும்.

பரிசலில் ஏறுகிறவர்கள் மாதையனிடம் கத்தி பார்க்கக் கேட்பார்கள். அவன் யார் கையிலும் கொடுக்க மாட்டான். மடக்கிக் கீழே வைப்பான். "எடுத்துக்குங்க" என்பான். அப்படியே அவர்களும் தங்கள் ஊரில் செய்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் செய்தார்கள். காரணம் கேட்டால் 'சண்டை வரும்' என்று மட்டும் சொன்னார்கள். நீர்நாய்க்குப் பாதத்தில் சவ்வு வந்ததும், நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கிற வழக்கம் வந்ததும், அந்த ஆற்றங்கரையில் அந்த ஒரே நாளில்தான்.